தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அமைதியான சைக்கிள் பாதைகள்: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்கு செல்போன் மேப்பில் வழி கேட்டால், அது பேருந்து ஓடும் ரோட்டைத்தான் காட்டும். ஏறக்குறைய 50 கி.மீ. தூரமும் முதுகுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதே ஊர்களுக்கு வயலும் வாழையும் படித்துறையுமாக, எப்போதாவது ஒரு டிராக்டர் மட்டும் எதிரே வரும் ரோடுகளிலும் போகலாம். அவை ரகசியமான பாதைகள் ஒன்றும் இல்லை. விவசாயிகளும் பால்காரர்களும் தினமும் போய்வரும் ரோடுகள்தான். வெளியூர்க்காரர்கள் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த மாதத்தில் எந்தத் திசையில் மிதிப்பது, எதற்கெல்லாம் தயாராகப் போவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, கிழக்கே சுமார் 125 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு வடக்காக நிற்கிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் சைக்கிள்காரருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஆற்றுக்கு இணையாகப் போகும் ரோடு ஏறக்குறைய சமதளம். மேற்கிலிருந்து கிழக்கே வந்தால் கண்ணுக்குத் தெரியாத இறக்கம், கிழக்கிலிருந்து மேற்கே போனால் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். அவ்வளவுதான். மலைக்கு இணையாக, அதாவது தெற்கு வடக்காகப் போகும் ரோடு வேறு ரகம். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடையும் நிலத்தை அரித்துப் பள்ளமாக்கி வைத்திருக்கிறது. அந்த ரோடு ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி, மறுபக்கம் மேட்டில் ஏறியாக வேண்டும். கால் வலிக்க ஏறி இறங்க ஆசைப்படுபவர்கள் ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கம் போங்கள். நிம்மதியாக மிதித்தால் போதும் என்பவர்கள் ஆற்றோடு வாருங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, வாய்க்கால். என் கணக்கில் இதுதான் முக்கியம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. மேலிருந்து கீழாக கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால், வாய்க்காலை நில மட்டம் பார்த்து மிகக் குறைந்த சரிவில் வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள். அதன் கரையில் போகும் ரோடும் அதே மாதிரி வளையும், ஏற்றம் இருக்காது. நேரே போக வேண்டிய லாரிக்கும் பேருந்துக்கும் இந்த வளைவுகள் ஆகாது. அதனால் அவை இந்தப் பக்கம் வருவதில்லை. வாய்க்கால் கரையைப் பிடித்தவனுக்கு அமைதி தானாகக் கிடைத்துவிடும்.

எந்த மாதம், எந்தத் திசை

ஜனவரி தொடங்கி மார்ச் முதல் பாதி வரை மிக நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும், பிசானப் பயிர் (மழைக்காலத்தில் நட்ட நெல்) பச்சையாகவோ பழுத்தோ நிற்கும். ஒரே தொந்தரவு அறுவடை. பிப்ரவரி கடைசியிலிருந்து கதிரறுப்பு எந்திரங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். நெல்லைத் தார் ரோட்டிலேயே காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். டயர் வழுக்கும் என்பது ஒரு காரணம், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு என்பது இன்னொன்று. வைக்கோல் கிடக்கும் இடத்திலும் இறங்கித் தள்ளுவது நல்லது. வைக்கோல் செயினிலும் பின்சக்கரப் பல்லிலும் சுற்றிக்கொண்டால், உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பிடுங்க வேண்டியிருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பதுக்குமேல் மிதிக்காதீர்கள். பெரும்பாலும் வாய்க்காலும் வறண்டிருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கார் நெல் பருவம். மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும். தென்காசி பக்கம் சாரல் அடிக்கும், அம்பாசமுத்திரம் தாண்டிக் கிழக்கே வந்தால் வெயிலும் காற்றும்தான். இந்தக் காற்றைக் குறைத்து எடை போட வேண்டாம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அது. சுரண்டை, கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். காலை விடியும்போது அடங்கியிருக்கும் காற்று, வெயில் ஏற ஏற வலுக்கும். அதனால் இந்த மாதங்களில் இரண்டே வழி. விடிவதற்கு முன்பே கிளம்பி மேற்கே போய், காற்று எழுந்ததும் அது தள்ளத் தள்ளக் கிழக்கே திரும்புங்கள். இல்லையென்றால் ரயிலில் அம்பைக்கோ (அம்பாசமுத்திரம்) தென்காசிக்கோ போய், அங்கிருந்து நெல்லைக்கு மிதித்து வாருங்கள். பகல் பதினொரு மணிக்கு மேற்கு நோக்கி மிதிப்பவர் நடந்தே போயிருக்கலாமே என்று நினைப்பார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன், அணை நிலவரம் பார்த்துவிட்டுப் போங்கள். நெல்லைப் பதிப்பு நாளிதழ்கள் அணை நீர்மட்டத்தை அன்றாடம் போடும். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84. பாபநாசமும் கடனாவும் நிரம்பும் நிலையில் இருந்து, மலையில் மழை என்றும் செய்தி வந்தால், தரைப்பாலம் உள்ள எந்தப் பாதையையும் அன்று விட்டுவிடுங்கள். உபரி நீர் திறந்தால் முதலில் மூழ்குவது அவைதான். ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் சைக்கிளோடு ஆளை இழுத்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் இந்த ஆற்றோரம் முழுக்கக் கரைகளும் ரோடுகளும் அறுத்துக்கொண்டு போயின. அதற்கு முன்பு யாரோ பதிவு செய்துவைத்த ஜிபிஎஸ் பாதையை அப்படியே நம்பி இறங்க வேண்டாம்.

அப்புறம் விழா நாட்கள். ஆடி அமாவாசையை ஒட்டி சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் பாபநாசம் ரோடு திணறும். குற்றால சீசனில் சனி, ஞாயிறு தென்காசியை மறந்துவிடுங்கள். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். புரட்டாசிச் சனிக்கிழமை நவதிருப்பதிக்கு (ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஒன்பது பெருமாள் கோயில்கள்) சிறப்புப் பேருந்துகள் வரிசையாக வரும். மார்கழி அதிகாலை மட்டும் விதிவிலக்கு, அப்போது கிளம்பிப் பாருங்கள். அக்ரகாரத் தெருக்களில் ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கோலம் போட்டிருப்பார்கள். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். கோலத்தின்மேல் டயர் தடம் பதித்தவனுக்கு அந்தத் தெருவில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

பாதை போடுவது எப்படி

மேப்பில் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கொடுத்து வழி கேட்காதீர்கள். கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஆற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பிரியும் வாய்க்காலைத் தேடுங்கள். மெல்லிய கோடாக வளைந்து போகும். அதன் ஒரு பக்கம் அடர்ந்த பச்சை, மறுபக்கம் பழுப்பு என்று நிறம் மாறும் இடங்களில் சந்தேகமே வேண்டாம், பச்சைப் பக்கம் நஞ்சை, பழுப்புப் பக்கம் புஞ்சை. அந்தக் கோட்டை ஒட்டி ரோடு போகிறதா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் போகாது. சில கி.மீ. கரையில் போய், ஊருக்குள் நுழைந்து, மறுபடி கரையைப் பிடிக்கும்.

அடுத்ததாக, அந்த ஊர்களை ஒவ்வொன்றாக இடைப்புள்ளிகளாகப் போட்டு வழியை வரையுங்கள். ஐந்து கி.மீ.க்கு ஒரு புள்ளியாவது வேண்டும். இல்லையென்றால் மேப் மறுபடி பெரிய ரோட்டுக்கே இழுக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகளில் மண் ரோட்டையும் தார் ரோட்டையும் பிரித்துக் காட்டுவார்கள். ஆனால் கிராமப் பக்கம் அந்தத் தகவல் பழையதாக இருக்கலாம். தெருக்காட்சிப் படம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை, ஆற்றைக் கடக்கும் இடங்களைக் குறித்துவைப்பது. எது உயர்மட்டப் பாலம், எது தரைப்பாலம் என்று தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். வழியில் பாதையை மாற்ற நேர்ந்தால் இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

ரோட்டில் இறங்கியபின் கிலோமீட்டர் கல்லைக் கவனியுங்கள். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ மாவட்டச் சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. நமக்கு வேண்டியது ஆரஞ்சு. கல்லே இல்லாத ரோடு இன்னும் நல்லது.

வழி கேட்கும்போது "அம்பைக்கு எப்படிப் போகணும்" என்று கேட்டால் எல்லோரும் மெயின் ரோட்டுக்குத்தான் கை காட்டுவார்கள். உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான். "அண்ணாச்சி, வாய்க்கா கரையோட போனா அடுத்த ஊரு வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக வரும். கூடவே எந்த இடத்தில் மடை உடைந்து சேறாகக் கிடக்கிறது, யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

சைக்கிளும் சாமானும்

கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலேயே ஆற்றோரப் பாதைகளை ஓட்டிவிடலாம். அந்த ஊர்க்காரர்கள் கேரியரில் இரண்டு பால் கேனோடு அதைத்தான் செய்கிறார்கள். மலையடிவாரப் பாதைக்கு மட்டும் கியர் வேண்டும்.

டயர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 25 மி.மீ. பந்தய டயரோடு இங்கே வராதீர்கள். 32 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள், 35 இருந்தால் இன்னும் நல்லது. காற்றும் அளவாக இருக்கட்டும். எழுபது கிலோ ஆளுக்கு 32 மி.மீ. டயரில் 55 முதல் 65 பி.எஸ்.ஐ. போதும், முன் டயரில் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கல்லாக அடித்துவைத்தால் ஒவ்வொரு ஜல்லியும் கையில் குத்தும்.

உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். புஞ்சைக்காட்டு ரோட்டோரம் எல்லாம் அதுதான். வேலிக்கு வெட்டிப் போட்டதில் இரண்டு முள் ரோட்டில் கிடந்தால் போதும், டயரைத் தாண்டி டியூபுக்குள் இறங்கிவிடும். டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள். மாற்று டியூப் இரண்டு, ஒட்டு, பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல் கட்டாயம் வேண்டும். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றிவிட்டு உடனே கிளம்பாதீர்கள். டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், உடைந்த முள் அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் ஒரு கி.மீ. தாண்டுவதற்குள் புது டியூபும் போய்விடும். ஊர் சைக்கிள் கடைகளில் இங்கத்திய சாதாரண டியூப் கிடைக்கும். 700சி அளவு டியூபையோ பிரெஸ்டா வால்வையோ அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால் லிட்டர். இரண்டு பாட்டில் போதும், டீக்கடைகளில் நிரப்பிக்கொள்ளலாம். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ எந்தப் பாக்கெட் பானத்துக்கும் குறைந்ததில்லை. மாசி, பங்குனியில் காலை வேளையில் பனையடியில் பதநீர் கிடைக்கும். வயிறு முட்டக் குடித்துவிட்டு மிதிக்க முடியாது, ஒரு பனையோலைப் பட்டையோடு நிறுத்துங்கள்.

ஒரு நாலு முழ வேட்டி அல்லது துண்டு மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதைகளில் பத்து கி.மீ.க்கு ஒரு கோயிலாவது உள்ளே கூப்பிடும். சைக்கிள் அரைக்கால் சட்டையோடு போய் நிற்பது நன்றாக இருக்காது.

பாதை 1: கல்லிடைக்குறிச்சியிலிருந்து நெல்லை வரை

முதன்முறை வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கிழக்கு நோக்கிய பாதை, மெல்லிய இறக்கம், ஆனியிலும் ஆடியிலும் பின்காற்று. திருப்புடைமருதூருக்கு ஒரு சுற்றும் சேர்த்தால் ஏறக்குறைய 50 கி.மீ.

செங்கோட்டை ரயிலில் கல்லிடைக்குறிச்சி வந்து இறங்கலாம். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து லக்கேஜ் பெட்டியில் ஏற்ற வேண்டும். அந்த ரயிலில் லக்கேஜ் பெட்டி உண்டா, நீங்கள் இறங்கும் நிலையத்தில் இறக்கித் தருவார்களா என்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மடக்கும் சைக்கிள் என்றால் இந்தக் கவலையே இல்லை.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர் போன ஊர். அதற்கு அருகில்தான் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து கன்னடியன் கால்வாய் பிரிகிறது. வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று தென்கரை ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும் இந்தக் கால்வாய்தான் இன்றைக்கு உங்கள் வழிகாட்டி. பேருந்து ரோடும் இதே ஊர்கள் வழியாகத்தான் போகிறது. ஊரைக் கடக்கும்வரை அதில் போய், ஊர் எல்லை தாண்டியதும் கால்வாய்ப் பக்கம் ஒதுங்குவதுதான் முறை. சில இடங்களில் கரை வெறும் மண்ணாக இருக்கும். மழை பெய்த மறுநாள் அந்தத் துண்டுகளை விட்டுவிடுங்கள், களிமண் ஒட்டிச் சக்கரம் சுற்றாது.

வீரவநல்லூரிலிருந்து வடக்கே ஆற்றைக் கடந்து திருப்புடைமருதூர் போங்கள். கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்மாடங்களில் பழைய சுவர் ஓவியங்களும் மரச் சிற்பங்களும் உண்டு. மேலே ஏற அனுமதி கிடைப்பது அங்கிருப்பவர்களைப் பொறுத்தது. கோயிலைச் சுற்றி ஊருக்குள்ளேயே மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். கூடு கட்டும் பருவத்தில் மரத்தடியில் சைக்கிளை நிறுத்த வேண்டாம், வந்து பார்க்கும்போது சீட் வெள்ளையாகியிருக்கும். ஆற்றில் குளிக்கலாம், ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும். தெளிந்து அமைதியாகக் கிடக்கும் மடுவைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேலே மின் நிலையத்திலிருந்து தண்ணீர் விட்டால் மட்டமும் இழுப்பும் மாறும்.

திரும்பி வீரவநல்லூர் வந்து கிழக்கே போனால் காருக்குறிச்சி. நாதஸ்வர மேதை அருணாச்சலத்தின் ஊர். மண்பாண்டம் செய்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வாங்கினால் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். அடுத்து சேரன்மகாதேவி. காலைச் சாப்பாட்டை இங்கே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம், அடுத்துவரும் சிறிய ஊர்களில் ஒன்பதரைக்குமேல் இட்லி தீர்ந்துவிடும். பத்தமடையில் கோரைப் பாய். நயமான பாயை மடித்துச் சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கும் என்பதால் சைக்கிள்காரருக்கு ஏற்ற சரக்கு, விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

பத்தமடைக்குப் பிறகு மேலச்செவல், பிராஞ்சேரி, கோபாலசமுத்திரம். இந்த வழியில் நான் அதிகம் விரும்பும் துண்டு இது. குளம், வயல், குளம், வயல் என்று மாறி மாறி வரும். குளத்துக் கரைமேல் ஏறும் இடம் மட்டும் நாலு மிதி கஷ்டம், உடனே இறக்கம். தருவையைத் தாண்டியதும் நகரத்துப் போக்குவரத்து தொடங்கிவிடும். மேலப்பாளையம் வழியாக நுழைவதைக் காலை பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள்.

பாதை 2: மலையடிவாரத்து ஏற்ற இறக்கம்

அம்பையிலிருந்து தொடங்கி கடையம் போய்த் திரும்பும் சுற்று. எங்கெங்கே ஒதுங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 50 கி.மீ. முன்பின் வரும். தூரம் குறைவுதான், ஆனால் முதல் பாதையைவிட இரண்டு மடங்கு களைப்பு.

அம்பைக்கு வடமேற்கே மன்னார்கோயில், அதையடுத்து பிரம்மதேசம். இரண்டுமே பெரிய கோயில்கள், இரண்டிலும் கூட்டம் இருக்காது. பிரம்மதேசம் கைலாசநாதர் கோயிலின் அளவைப் பார்த்தால், இத்தனை சிறிய ஊருக்கு இது எப்படி என்று தோன்றும். இதுவரை ரோடு தட்டைதான். கால் சூடாகட்டும்.

ஆழ்வார்குறிச்சி வந்ததும் மேற்கே சிவசைலம் ரோட்டில் திரும்புங்கள். மலை நேரே எதிரே வந்து நிற்கும். கடனா நதிக்கரைக் கோயில் வரை சீரான, மெல்லிய ஏற்றம். காலையில் போனால் வெயில் முதுகில், மலையின் முகம் முழுக்க வெளிச்சத்தில். அணைப் பக்கம் போக விரும்பினால் பகல் வெளிச்சத்தில் போய் வந்துவிடுங்கள். காட்டோர ஊர்களில் யானையும் கரடியும் பன்றியும் தோப்புக்குள் வருவது புதிதல்ல. விடியும் முன்பும் அந்திக்குப் பிறகும் மலையடிவார ரோட்டில் தனியாகச் செல்ல வேண்டாம்.

சிவசைலத்திலிருந்து கடையத்துக்கு மெயின் ரோட்டுக்கு இறங்காமல் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போகும் ஊர் ரோடுகளில்தான் அந்த ஏற்ற இறக்கம் தொடங்குகிறது. ஓடை, மேடு, ஓடை, மேடு. ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் ஓய்வு தராது. இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தாதீர்கள், அந்த வேகம் எதிர்மேட்டில் பாதி தூரம் கொண்டுபோய்விடும். கியரை மேடு தொடங்குவதற்கு முன்பே குறைத்துவிடுங்கள். ஏற்றத்தின் நடுவில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் சிறிய பாலமோ தரைப்பாலமோ இருக்கும், அதன்மேல் மணல் படிந்திருக்கும். அங்கே மட்டும் முன்பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். மண் சிவப்பாக மாறும், நெல் போய் மாவும் எலுமிச்சையும் தென்னையும் வரும். வாய்க்கால் பாசனத்தை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், முள்ளுக்கும் இங்கே அதிகம் பயப்பட வேண்டும்.

கடையம் பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். பாரதியார் 1918 கடைசியிலிருந்து 1920 வரை இங்கே இருந்திருக்கிறார். ஊருக்கு வெளியே, தோப்புகளுக்கு நடுவில் நித்திய கல்யாணி கோயில். கால் இன்னும் கேட்டால் அங்கிருந்து ராமநதி அணைவரை போய் வரலாம், போகும்போது ஏற்றம், வரும்போது கையைக் கட்டிக்கொண்டு வரலாம் (கட்டாதீர்கள்).

திரும்பும்போது பொட்டல்புதூர் வழியாக வாருங்கள். கோயில் அமைப்பில் கட்டப்பட்ட தர்கா அங்கே இருக்கிறது. கடையத்திலிருந்து தென்காசி வரை நீட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். மெயின் ரோட்டில் வேண்டாம் என்பதுதான் என் பதில். கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகள் ஓடும் வட்டாரம் அது. தென்காசி போயே ஆக வேண்டும் என்றால் கீழக்கடையத்தில் ரயில் ஏறுங்கள்.

பாதை 3: மணிமுத்தாறு, பாபநாசம்

இது அரை நாள் சுற்று, 35 முதல் 40 கி.மீ. அம்பையிலிருந்து பாலம் கடந்து கல்லிடைக்குறிச்சி, அங்கிருந்து மணிமுத்தாறு அணை. 1950களில் கட்டிய அணை, அடிவாரத்தில் பூங்கா. அங்கிருந்து மலையை இடப்பக்கம் வைத்து ஆலடியூர் வழியாக விக்கிரமசிங்கபுரம், பிறகு பாபநாசம் கோயில். திரும்ப அம்பைக்கு இறக்கம்தான்.

ஒரே எச்சரிக்கை, வனத்துறைச் சோதனைச் சாவடி. மாஞ்சோலை ரோடும், பாபநாசத்துக்கு மேலே அணைக்குப் போகும் ரோடும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகின்றன. சாவடிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுவதைத் திட்டத்திலேயே வைக்காதீர்கள்.

ரோட்டில் கவனிக்க

நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடங்கள். பெரும்பாலும் சலித்துப் போய்விடும். ஆட்டு மந்தையைக் கண்டால் மேய்ப்பவரிடம் குரல் கொடுத்துவிட்டு நில்லுங்கள், மணி அடித்தால் ஆடு எந்தப் பக்கம் பாயும் என்று ஆட்டுக்கே தெரியாது. வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைகள் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் அருகில் இருக்கும். ஊர் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்துவிடுவது ஒன்றே வழி. பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். மெயின் ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடங்களில் இறங்கித் தள்ளிக் கடந்துவிடுங்கள்.

பாதை 4: ஸ்ரீவைகுண்டம் சுற்று

குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போக ஏற்றது. ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து நிலம் மேசை மாதிரித் தட்டை. நவதிருப்பதிக் கோயில்களையே மைல்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். வடகரையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி (இங்கே இரண்டு கோயில்கள்). பிறகு ஆற்றைக் கடந்து தென்கரையில் தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. மொத்தம் சுமார் 40 கி.மீ.

வடகரைப் பகுதி முழுவதும் வாழைத்தோட்டத்து ரோடு, நிழலும் உண்டு. தென்கரைக்கு வந்ததும், ஸ்ரீவைகுண்டம் திரும்பும்வரை திருநெல்வேலி திருச்செந்தூர் நெடுஞ்சாலை குறுக்கிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் துண்டுக்கு ஒரு குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) பேசி சைக்கிள்களை ஏற்றிவிடுங்கள். பல கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். ஆறு மணிக்குத் தொடங்கினால் எல்லாக் கோயிலையும் பார்த்துவிடலாம். எட்டு மணிக்குத் தொடங்கினால் கடைசி இரண்டு கோயில்களின் கதவைத்தான் பார்ப்பீர்கள். ஆழ்வார்திருநகரிக் கோயிலில் நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லும் புளியமரமான உறங்காப்புளியை யாரும் தவறவிட விரும்ப மாட்டார்கள், எனவே நேரம் போதாது என்று தெரிந்தால் பெருங்குளத்தை விட்டுவிட்டு முன்கூட்டியே ஆற்றைக் கடந்துவிடுங்கள்.

நெல்லைக்குச் சைக்கிளிலேயே திரும்ப நினைப்பவர்கள் ஆதிச்சநல்லூரில் நிறுத்தி அகழாய்வு இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். மதியத்துக்குமேல் அந்த நெடுஞ்சாலை ஏறக்குறைய 30 கி.மீ. எதிர்வெயில். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து வரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு நான் துணை.